இரத்தசோகைக்கு எதற்காகக் கோதுமை தொடர்பான பரிசோதனை?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு 42 வயது. திருமணமான நாளிலிருந்து, அதாவது 14 ஆண்டுகளாக, டெல்லிக்கு அருகே உள்ள காசியாபாத்தில் இருக்கிறார். கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டவில்லை, இப்போது 8.4. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. புதிதாகப் பார்த்த மருத்துவர் சீலியாக் நோய் இருக்கிறதா என்று அறிய ‘டிடிஜி ஐஜிஏ’ என்ற இரத்தப் பரிசோதனையை எழுதியிருக்கிறார். வயிற்றுப்போக்கு கிடையாது, உடலும் இளைக்கவில்லை, எடை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சோறு சாப்பிட்ட குடும்பத்தில் கோதுமையால் வரும் நோய் எப்படி வரும், இது தேவையற்ற செலவுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். பரிசோதனை எடுக்கும்வரை சப்பாத்தியை நிறுத்திப் பார்க்கலாமா என்பது இரண்டாவது கேள்வி.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. நிறுத்த வேண்டாம். இரத்தம் எடுத்து, முடிவு வந்து, தேவைப்பட்டால் குழாய் செலுத்திக் குடலைப் பார்க்கும் எண்டோஸ்கோபியும் முடியும்வரை அக்கா இப்போது சாப்பிடுவது போலவே கோதுமை சாப்பிட வேண்டும். காரணத்தைக் கீழே விளக்குகிறேன். முதல் கேள்விக்குப் பதில்: மருத்துவர் எழுதியது சரியான பரிசோதனை; உங்கள் அக்காவின் நிலையில் இது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டியது.

நாம் உண்ணும் உணவில் நாளொன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் இரும்பு இருந்தாலும், உடல் அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் மட்டுமே. அந்தச் சிறிய அளவும் குடல் முழுவதிலும் உறிஞ்சப்படுவதில்லை. இரைப்பையைத் தாண்டியதும் வரும் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள டியோடினம் எனும் முன்சிறுகுடலிலும், அதையடுத்த சிறு பகுதியிலும்தான் பெரும்பாலான இரும்பு உள்ளே போகிறது. சீலியாக் நோய் முதலில் தாக்குவதும் மிகக் கடுமையாகத் தாக்குவதும் இதே இடத்தைத்தான். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தின் துண்டுகள் குடல் சுவருக்குள் நுழையும்போது, அதற்கான மரபணு அமைப்பு உள்ளவர்களில் சிலருக்கு நோய் எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்கத் தொடங்குகிறது. பூந்துவாலையின் நூலிழைகளைப் போல நெருக்கமாக நிற்க வேண்டிய குடலுறிஞ்சிகள் குட்டையாகி, கடைசியில் தேய்ந்த தரைவிரிப்பைப் போலத் தட்டையாகிவிடுகின்றன. உறிஞ்சும் பரப்பு போய்விட்ட இடத்தில் மாத்திரையாகக் கொடுத்த இரும்பும் வந்த வழியே போய்விடும்.

ஆனால் சிறுகுடல் பல மீட்டர் நீளமுள்ளது. முன்பகுதி கெட்டாலும் பின்பகுதி கொழுப்பையும் மாவுச்சத்தையும் நீரையும் ஓரளவு சமாளித்துக்கொள்கிறது. அதனால்தான் வயிற்றுப்போக்கு இல்லாமலும் எடை குறையாமலும் இரத்தசோகை மட்டுமே தெரியும் நோயாளிகள் இருக்கிறார்கள். எலும்பும் தோலுமான குழந்தை, உப்பிய வயிறு, ஓயாத பேதி என்று பழைய பாடநூல்கள் காட்டிய படம் இந்த நோயின் ஒரு முகம்தான். பருமனானவர்களுக்கும் சீலியாக் நோய் உண்டு. அக்கா இளைக்கவில்லை என்பதை வைத்து அதை ஒதுக்கிவிட முடியாது.

அடுத்து, இரத்தசோகை உள்ளவர்களில் எத்தனை பேருக்கு இந்த நோய் இருக்கும் என்ற கேள்வி. உங்கள் சோற்றுக் குடும்ப வாதத்துக்கு இங்கேதான் உண்மையான எடை இருக்கிறது. அதை நான் தள்ளிவிட மாட்டேன்.

இரும்புச்சத்துக் குறைபாட்டு இரத்தசோகை உள்ளவர்களிடம் சீலியாக் நோயைத் தேடிய 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018-இல் வெளியான தொகுப்பாய்வு, அவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கு, அதாவது 31 பேரில் ஒருவருக்கு, குடலிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியில் நோய் உறுதியானதாகக் கூறுகிறது. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2020-இலும், பிரிட்டன் இரைப்பை குடலியல் சங்கம் 2021-இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைபாடு உள்ள பெரியவர்களிடம் சீலியாக் நோயைத் தேடச் சொல்வது இந்த வகைக் கணக்குகளை வைத்துத்தான். ஆனால் அவை பெரும்பாலும் ரொட்டி தின்னும் நாடுகளின் கணக்குகள்.

இந்தியாவின் கணக்கு வேறு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் தலைநகர்ப் பகுதியில் நடத்தி 2011-இல் வெளியிட்ட சமூக ஆய்வில் 96 பேரில் ஒருவருக்குச் சீலியாக் நோய் இருந்தது. 2016-இல் வெளியான பெரிய ஆய்வு இன்னும் முக்கியமானது. அதில் வடக்கிலும் வடகிழக்கிலும் தெற்கிலுமாக 23,331 பெரியவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள்; தெற்குக்கு எடுத்துக்கொண்ட இடம் நம் வேலூர். இந்த நோயில் உடல் தன்னையே தாக்க உருவாக்கும் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கில் 1.23 விழுக்காடு, வடகிழக்கில் 0.87, தெற்கில் வெறும் 0.10. வடக்குக்கும் தெற்குக்கும் பன்னிரண்டு மடங்கு வேறுபாடு. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வகைகள் தெற்கில் குறைவோ என்று பார்த்தால் அதுவும் இல்லை, வடக்கில் 38.1 விழுக்காடு என்றால் தெற்கில் 36.4. பெரிதாக மாறியிருந்தது தட்டில் இருந்ததுதான். வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கில் 25 கிராம்.

இந்த ஆய்வை எப்போது நினைத்தாலும் என் மனம் அந்த மரபணுக் கணக்கில்தான் நின்றுவிடுகிறது. நம்மில் மூன்றில் ஒருவர் இந்த நோய்க்கான விதையைச் சுமந்துகொண்டு, அது முளைக்கும் மண் இல்லாததால் நலமாக இருக்கிறோம். விதை இருப்பவர்களிலும் மிகச் சிலருக்கே நோய் வரும் என்பது உண்மை. கோதுமையின் அளவு மட்டுமே காரணம் என்று இந்த ஆய்வு நிறுவிவிடவும் இல்லை. ஆனாலும் சோற்றுக் குடும்பம் என்பது உங்கள் அக்காவின் பிறப்பைக் குறிக்கிறது, அவரது 14 ஆண்டுகாலச் சாப்பாட்டை அல்ல. காலையில் பராத்தா, மதியமும் இரவும் சப்பாத்தி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேலூரின் கணக்கை விடக் காசியாபாத்தின் கணக்கே அவருக்கு நெருக்கமாகப் பொருந்தும். இங்கேயே இருந்தாலும், சர்க்கரை நோய்க்காகச் சோற்றை விட்டு இரண்டு வேளை சப்பாத்திக்கு மாறியவர்கள் இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். 25 கிராம் என்ற அந்தச் சராசரி அவர்களுக்கும் பொருந்தாது.

சீலியாக் பரிசோதனைக்கு முன் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. இது உண்மையிலேயே இரும்புக் குறைபாடுதானா என்பது முதலாவது. அக்காவுக்கு ஃபெரிட்டின் 6 என்பதால் அதில் ஐயமில்லை. அமெரிக்க வழிகாட்டுதல் இரத்தசோகை உள்ளவர்களுக்கு 45-க்குக் கீழே போனாலே குறைபாடு என்கிறது. ஃபெரிட்டின் பார்க்காமல் இரத்த அணுக்கள் சிறிதாக இருப்பதை மட்டும் வைத்து ஆண்டுக்கணக்கில் இரும்பு கொடுத்து, பிறகு அது பிறவியிலேயே இரத்த அணுக்களைச் சிறிதாக்கும் தலசீமியா மரபுக்கூறு என்று தெரியவந்தவர்களும் இருக்கிறார்கள். மாத்திரையைச் சரியாக எடுத்தாரா என்பது இரண்டாவது. சாப்பிட்ட கையோடு டீயோ பாலோ சேர்த்து, அல்லது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் இரும்பு சரியாக ஏறாது. ஒழுங்காக எடுத்தவருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது உயர வேண்டும். உயரவில்லை என்றால் உறிஞ்சுவதில் தடை இருக்கிறது, அல்லது ஏறும் வேகத்திலேயே இரத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

எங்கே போகிறது என்று கேட்பது மூன்றாவது. 42 வயதில் அதிக மாதவிடாய்ப் போக்குதான் முதல் சந்தேகம்; அதை அக்காவிடம் யாராவது நிதானமாக, எத்தனை நாள், எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா என்று கேட்டார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். மூலம், வலி மாத்திரைகளால் வரும் இரைப்பைப் புண், கொக்கிப்புழு, இரைப்பையில் தங்கும் ஹெச். பைலோரி கிருமி ஆகியவையும் வரிசையில் உண்டு. இதே இரத்தசோகை ஓர் ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ வந்திருந்தால் நான் இன்னும் கண்டிப்பாகப் பேசுவேன். அவர்களுக்கு இரைப்பையையும் பெருங்குடலையும் உள்நோக்கிப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் பெருங்குடல் புற்றுநோய் இரத்தசோகையாகவே முதலில் தலைகாட்டலாம். அவர்களுக்கு டிடிஜி பாசிட்டிவ் என்று வந்துவிட்டதால் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி வேண்டாம் என்று விடுவதும் தவறு. இரண்டு காரணங்கள் ஒருவரிடமே இருக்கக்கூடும்.

இப்போது பரிசோதனைக்கு வருகிறேன். டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டாமினேஸ் என்பது நம் திசுக்களில் இயல்பாக உள்ள ஒரு நொதி. சீலியாக் நோயாளியின் உடல் எதிரியாகக் கருதித் தாக்குவது இந்த நொதியைத்தான் என்று 1997-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் கண்டறிந்த பிறகு, இந்த நோயைத் தேடுவது ஒரு குப்பி இரத்தத்தில் முடிகிற காரியமானது. டிடிஜி என்பது அந்த நொதியின் பெயர்ச்சுருக்கம். ஐஜிஏ என்பது அதற்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருளின் வகை. இதில் ஒரு பொறி இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ வகை எதிர்ப்பொருளே உடலில் உருவாவதில்லை. சீலியாக் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் அப்படிப்பட்டவர்கள். அவர்களுக்கு நோய் முற்றியிருந்தாலும் டிடிஜி ஐஜிஏ நெகட்டிவ் என்றே வரும். அதனால் அதே இரத்தத்தில் மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது மிகக் குறைவாக இருந்தால் ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை வேண்டும். இரத்தம் எடுக்கும் முன் வெறும் வயிற்றில் இருக்க வேண்டியதில்லை.

கோதுமையை நிறுத்தக் கூடாது என்றதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. எதிர்ப்பொருள் உருவாகக் குளூட்டன் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அளவு இறங்கத் தொடங்கும், குடலும் மெல்ல ஆறத் தொடங்கும். நோய் இருப்பவருக்கும் ‘இல்லை’ என்ற முடிவு வந்துவிடும். என்னிடம் வந்த ஓர் ஆசிரியை, இரத்தசோகையோடு அடிக்கடி வாய்ப்புண்ணும் வந்து அவதிப்பட்டவர், யாரோ சொன்னார்கள் என்று நான்கு மாதங்களாகக் கோதுமையை அறவே விட்டிருந்தார். புண் குறைந்தது, ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறியது, ஆனால் டிடிஜி அளவு ஆய்வகத்தின் எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. அது நோய் இல்லாததால் வந்த எண்ணா, ஆறியதால் வந்த எண்ணா என்று அந்தத் தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மீண்டும் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொன்னபோது அவர் முகம் வாடியதை இன்னும் மறக்கவில்லை. ஒரு முறை விட்டு நிம்மதி கண்டவரை மீண்டும் சாப்பிடச் சொல்வது இருவருக்கும் துன்பம். இப்படி மறுபடி சாப்பிட வைக்கும்போது நாளொன்றுக்குக் குறைந்தது 3 கிராம் குளூட்டனாவது போக வேண்டும் என்பார்கள். நடுத்தரமான ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை அதைத் தொடர வேண்டியிருக்கும்.

முடிவு வந்ததும் அதை எப்படி வாசிப்பது என்பதில்தான் தமிழ்நாட்டு நோயாளிக்கும் காசியாபாத் நோயாளிக்கும் வேறுபாடு வரும். கணக்குக்காக, இந்தப் பரிசோதனை நோயுள்ள நூறு பேரில் 93 பேரைக் கண்டுபிடிக்கும் என்றும், நோயில்லாத நூறு பேரில் இரண்டு பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்று காட்டும் என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையான அளவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். ஆயிரம் இரத்தசோகை நோயாளிகளில் 30 பேருக்கு நோய் இருக்கும் ஊரில் 47 பேர் பாசிட்டிவ் ஆவார்கள். அவர்களில் 28 பேருக்கு உண்மையில் நோய் இருக்கும். ஆயிரத்தில் இரண்டே பேருக்கு நோய் இருக்கும் ஊரிலோ 22 பேர் பாசிட்டிவ் ஆவார்கள். அவர்களில் 20 பேருக்கு நோய் இருக்காது. பரிசோதனை அதேதான், ஊர்தான் வேறு. எனவே வாழ்நாள் முழுவதும் சோறும் இட்லியுமாக இருந்த ஒருவருக்கு எல்லைக்கோட்டை ஒட்டிய பாசிட்டிவ் வந்தால் நான் அவசரப்பட்டு நோயின் பெயரைச் சூட்ட மாட்டேன். அளவு எல்லைக்கோட்டைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருந்தால் கதை வேறு; அங்கே ஐயத்துக்கு இடம் மிகக் குறைவு.

பெரியவர்களுக்கு டிடிஜி பாசிட்டிவ் ஆனால் அடுத்த படி எண்டோஸ்கோபி வழியாக எடுக்கும் பயாப்ஸி. இங்கே நீங்கள் ஒன்றைக் கவனித்துக் கேட்கலாம். நோய் குடலில் திட்டுத் திட்டாக இருக்கக்கூடும் என்பதால் முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியிலிருந்து குறைந்தது நான்கு துண்டுகளும், அதன் தொடக்கத்திலுள்ள குமிழ்ப் பகுதியிலிருந்து ஒன்றிரண்டு துண்டுகளும் எடுக்க வேண்டும். அரிசி மணியை விடச் சிறிய துண்டுகள் அவை. எடுக்கும்போது வலி தெரியாது. ஒரே துண்டு எடுத்து ‘இயல்பாக உள்ளது’ என்று வந்த அறிக்கையை நம்பி ஒரு குடும்பம் இரண்டு ஆண்டுகள் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தட்டையான குடலுறிஞ்சிகளைக் கண்டதும் சீலியாக் என்று முடிவு கட்டுவதும் நம் ஊரில் ஆபத்து. 1960-களின் தொடக்கத்தில் அன்றைய வடஆற்காடு மாவட்டக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல்நோய் கொள்ளைநோய்போலப் பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அதை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தார்கள். அந்த நோயிலும் குடலுறிஞ்சிகள் குட்டையாகும், சத்துக்கள் ஏறாது. ஆனால் அங்கே இரும்பை விட ஃபோலிக் அமிலமும் பி12-உம் முன்னால் குறையும், மருந்து கோதுமை இல்லாத உணவு அல்ல, டெட்ராசைக்ளின் வகைக் கிருமிக்கொல்லி மருந்தும் ஃபோலிக் அமிலமும்தான். ஜியார்டியா ஒட்டுண்ணி, குடல் காசநோய், எதிர்ப்பாற்றல் குறைபாடுகள் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரலாம். இரத்த அழுத்தத்துக்கு நம் நாட்டில் பரவலாகக் கொடுக்கப்படும் ஓல்மிசார்டன் மாத்திரையும் மிக அரிதாக இப்படிச் செய்யும். 2012-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 22 பேரிடம் அதைக் கண்டு எழுதினார்கள். அந்த மாத்திரை சாப்பிடுபவர் தாமாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் சொன்னால் போதும். இரத்தத்தில் எதிர்ப்பொருள், குடலில் சேதம், கோதுமையை விட்டபின் முன்னேற்றம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவந்தால்தான் ஆயுள் முழுவதுக்குமான அந்தத் தீர்ப்பைச் சொல்லலாம்.

இரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றால் பயாப்ஸியும் வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. எதிர்ப்பொருள் பாசிட்டிவ் ஆனால் மட்டும் பயாப்ஸி எடுத்தால் போதும் என்கிறது அமெரிக்க வழிகாட்டுதல். எண்டோஸ்கோபியின்போதே எடுத்துப் பார்ப்பதையும் பிரிட்டன் வழிகாட்டுதல் ஏற்கிறது. மாத்திரைக்கு மசியாத இரத்தசோகை, வேறு காரணமும் கிடைக்கவில்லை, எப்படியும் எண்டோஸ்கோபிக் குழாய் உள்ளே போகிறது என்றால் எடுத்துவிடுவதே நல்லது என்பது என் எண்ணம். டிடிஜி பிடிக்காமல் விடும் சிலரும், மேலே சொன்ன மற்றக் குடல்நோய்களும் அப்போதுதான் அகப்படும்.

அப்படியானால் இரத்தசோகை உள்ள எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று நீங்கள் கேட்கக்கூடும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அவர்கள் அனைவருக்கும் டிடிஜி எடுத்தால் மேலே சொன்ன கணக்கின்படி நோயாளிகளை விடப் பொய்ப் பாசிட்டிவ்களே அதிகம் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதன்முறையாக வரும் 22 வயதுப் பெண்ணுக்குப் பூச்சி மருந்தும் இரும்பு மாத்திரையும் சாப்பாட்டு அறிவுரையும் கொடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி பார்ப்பதே நியாயம். அந்த ஒரு மாதத்துக்குப் பிறகும் ஏறாதவர், ஏறி மீண்டும் மீண்டும் இறங்குபவர், இரத்தப்போக்குக் காரணம் இல்லாத ஆண், தினமும் கோதுமை உண்பவர், முதல் வகைச் சர்க்கரை நோயோ தைராய்டைத் தாக்கும் தன்னுடல் தாக்கு நோயோ உள்ளவர், காரணமில்லாமல் கல்லீரல் நொதிகள் உயர்ந்தவர், இளவயதிலேயே எலும்பு தேய்ந்தவர், குடும்பத்தில் சீலியாக் நோயாளி உள்ளவர் ஆகியோருக்கு அடுத்த சுற்று மாத்திரையை எழுதும் முன் டிடிஜி எழுத வேண்டும். உங்கள் அக்காவிடம் இவற்றில் மூன்று ஏற்கெனவே இருக்கின்றன.

நோய் உறுதியானால் சிகிச்சை குளூட்டன் இல்லாத உணவு, ஆயுள் முழுவதும். வழக்கமான சிகிச்சையில் இதற்கென்று மருந்து கிடையாது. தமிழ்ச் சமையல் தெரிந்தவருக்கு இது வட இந்தியக் குடும்பத்துக்கு இருப்பதைப் போன்ற பெருந்துன்பம் அல்ல; சோறு, இட்லி, இடியாப்பம், ஆப்பம், கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு எல்லாம் சாப்பிடலாம். விட வேண்டியவை என்று சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட், ரொட்டி எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ரவையும் மைதாவும் சேமியாவும் கோதுமைதான் என்பது சிலருக்குச் சொன்னால்தான் தெரிகிறது. சம்பா ரவையும் அப்படியே. மால்ட் சேர்ந்த சத்துமாவுப் பானங்களில் பார்லி இருக்கும். எல்லோரும் தவறவிடுவது பெருங்காயம். கடையில் டப்பாவில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தைத் திருப்பி, சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள். பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் மோரிலும் அது போகிறது. ஹோட்டல் ரவா தோசை, மொறுமொறுப்புக்காக மைதா தூவிய பஜ்ஜி, முன்பு கோதுமை அரைத்த மில்லிலேயே அடுத்து அரைத்து வாங்கிய அரிசி மாவு, சப்பாத்தி சுட்ட கல்லிலேயே ஊற்றிய தோசை இவையும் போதும், குடல் ஆறாமல் இருப்பதற்கு. பொட்டலத்தில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். எவ்வளவு சிறிய அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்பது அதிலிருந்து புரியும்.

கோதுமையை விட்ட மறுநாளே ஹீமோகுளோபின் ஏறிவிடாது. இரும்பு மாத்திரை கொடுக்காமல் உணவு மாற்றத்தை மட்டும் வைத்து இத்தாலியில் சிலரைத் தொடர்ந்து கவனித்த ஒரு சிறிய ஆய்வில், ஓராண்டில் ஒருவரைத் தவிர அனைவருக்கும் இரத்தசோகை நீங்கியது. ஆனால் உடலின் இரும்பு இருப்பு நிரம்பியது பாதிப் பேருக்குத்தான். ஆகவே உணவு மாற்றத்தோடு இரும்பும் தேவை. 8.4 என்ற அளவில், குடல் ஆறும்வரை காத்திருக்காமல் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதே நேரத்தில் பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றையும் பார்த்துவிடுவது வழக்கம். டிடிஜியை ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் மறுபடி எடுத்து இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் எங்கோ கோதுமை போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

முடிவு நெகட்டிவ் என்று வந்து, மொத்த ஐஜிஏ அளவும் சரியாக இருந்தால் செலவு வீணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கோதுமை மீதான பழி நீங்கிவிட்டது. தேடல் மாதவிடாய்ப் போக்குக்கும் ஹெச். பைலோரிக்கும் எண்டோஸ்கோபிக்கும் நகர வேண்டும். அப்போது யாராவது ‘எதற்கும் கோதுமையை விட்டுவிடுங்கள்’ என்று சொன்னால் கேட்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்காவுக்கு நோய் உறுதியானால், உடன்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அது இருக்கும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு அதிகம். நெருங்கிய உறவினரில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேரிடம் காணப்படுகிறது. கடிதத்தின் கடைசியில், உங்களுக்கும் ஹீமோகுளோபின் 11.5-லேயே நிற்கிறது, உடற்பயிற்சிக்காக ஆறு மாதமாகச் சோற்றை விட்டுச் சப்பாத்திதான் சாப்பிடுகிறேன் என்று பேச்சோடு பேச்சாக எழுதியிருக்கிறீர்கள். ஆணுக்கு 13-க்குக் கீழே போனால் இரத்தசோகை. அக்காவின் முடிவு எப்படி வந்தாலும், உங்கள் ஃபெரிட்டினையும் டிடிஜியையும் மொத்த ஐஜிஏவையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். அதுவரை நீங்களும் சப்பாத்தியை நிறுத்த வேண்டாம்.